கழிவுத் தேயிலையில் மறதிக்கு மருந்தா?

தேயிலை ஸ்டோரில் சலித்து ஒதுக்கும் நாரிலும் தூசிலும் பொலிபீனோல் நிறைய இருக்கிறதாம். அதைப் பிரித்துக் குளிசையாக்கினால் அல்சைமரும் பார்கின்சனும் அண்டாதாம். கலஹாவில் இந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர பக்கத்து மலைதான். ஒதுக்கிய தூளுக்கும் நல்ல விலை வந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் இதற்குச் சொல்லும் காரணங்கள் ஒன்றும் உறுதியாக நிற்கவில்லை.

"கொழுந்தில் உள்ளது கழிவிலும் உண்டு." உண்டு, ஆனால் அதே அளவில் அல்ல. ஆய்வாளர்கள் அதிகம் பேசும் ஈஜிசிஜி, கட்டெகின் என்ற பொலிபீனோல் வகையைச் சேர்ந்தது; அது பச்சைத் தேயிலையில்தான் அதிகம். கறுப்புத் தேயிலைக்காகக் கொழுந்தை அரைத்துப் புளிக்கவைக்கும்போது கட்டெகின்களில் பெரும்பகுதி தியாஃபிளேவினாகவும் தியாருபிஜினாகவும் மாறிவிடுகிறது. தேத்தண்ணியின் சிவப்பு அதிலிருந்து வருவதே. கழிவில் மிஞ்சுவதோ பெரும்பாலும் காம்பும் நாரும். காம்பில் கட்டெகின் இளங்கொழுந்தைவிடக் குறைவு.

"ஆய்வுகூடத்தில் நிரூபித்துவிட்டார்கள்." சோதனைக் குழாயில் ஈஜிசிஜி, மூளை நோய்களில் திரளும் புரதங்களைத் தீங்கு குறைந்த வடிவத்துக்குத் திருப்பியது உண்மை. ஆனால் வாய்வழி போவதில் சிறு பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது. அதையும் குடற்சுவரும் ஈரலும் உருமாற்றிவிடுகின்றன. மீதியைக் குடல் பக்டீரியாக்கள் உடைக்கின்றன. குழாயில் ஊற்றிய செறிவு மூளைக்குப் போய்ச் சேருவதில்லை.

"மனிதருக்கும் பலிக்கும்." பார்கின்சனுக்கு நெருங்கிய உறவான பல்தொகுதிச் சிதைவு நோயாளர் 92 பேரை வைத்து ஜேர்மனியில் பரிசோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஈஜிசிஜி, மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசை என 48 வாரம் கொடுத்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, நோய் முற்றும் வேகம் இரு தரப்பிலும் ஒன்றுதான். ஈஜிசிஜி எடுத்தவர்களில் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2,000க்கும் மேற்பட்ட முதியவர்கள் மூன்று ஆண்டு கொக்கோப் பொலிபீனோல் எடுத்தோ எடுக்காமலோ பங்கேற்ற ஆய்விலும் ஞாபகசக்தி ஒட்டுமொத்தமாகக் கூடவில்லை.

"இயற்கைப் பொருள், கெடுதல் வராது." நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈஜிசிஜியைக் குளிசையாக எடுத்தால் ஈரல் நொதிகள் உயரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. கழிவுத் தேயிலை வியாபாரத்துக்கு இலங்கைத் தேயிலைச் சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அப்படியிருந்தும் நல்ல தூளில் கழிவைக் கலந்து பிடிபடும் செய்திகள் ஓய்வதில்லை. அதற்கு மருந்து என்ற பெயரும் கிடைத்தால் கலப்படக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

கழிவுத் தேயிலை பசளையாகட்டும், கஃபீன் பிரிக்க உதவட்டும், அதில் வழக்கில்லை. மூளையைக் காக்கும் வழி வேறு. மறதி நோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தோடு தொடர்புடைய 14 காரணிகளை லான்செட் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, பார்வைக் குறைவு, செவிப்புலன் குறைவு, படிப்பின்மை எல்லாம் அதில் அடக்கம். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத்தண்ணி குடிக்கும் லயத்து மக்களிடம் சாயத்தின் பெருமை பேசுவதைவிட அந்தச் சீனியைப் பற்றிப் பேசுவது பயன். தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் பார்க்கவும், வயதானவர்களுக்குக் கண்ணாடியும் காதுக்கருவியும் கொடுக்கவும் செலவழிக்கும் காசுக்கு ஆதாரம் இருக்கிறது. கழிவுக் குளிசைக்கு இன்னும் இல்லை.