மீண்டும் விரிக்க வேண்டிய ஏடு



“படிப்பதற்கு நல்ல நூல் ஒன்று கூறுங்கள்” என்று நம்மிடம் கேட்போர் பலர். “முன்பே படித்தவற்றுள் எதனை மீண்டும் படிக்கலாம்?” என்று கேட்போர் மிகச் சிலரே. நேற்றுச் செபமாலை சொல்லிவிட்டோம் என்பதற்காக இன்று அதனைக் கையில் எடுக்காமல் இருப்பதில்லை. நூலை மட்டும் ‘படித்தாயிற்று’ என்று பரணில் ஏற்றிவிடுகிறோம்.

நூல் மாறுவதில்லை, அதனைப் படிக்கும் நாம் மாறுகிறோம். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘புத்தம் வீடு’ நம் மாவட்டத்துப் பனைவிளை வாழ்வைச் சித்திரிக்கும் புதினம். இளமையில் அதனைப் படித்தபோது, லிஸியும் பனையேறியின் மகன் தங்கராஜும் மணம் புரிவார்களா என்பது ஒன்றே நமக்குக் கவலையாயிருந்தது. பிள்ளைகளுக்கு வரன் தேடும் வயதில் மீண்டும் படித்தபோதோ, பழம்பெருமையைக் காப்பதற்காகப் பெண்ணை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் பெரியோர்கள் நம் கண்ணில் பட்டார்கள். அவர்களுள் நம் சாயலும் இருந்தது.

வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’யும் அத்தகையதே. மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள் கொண்ட அப்பெருங்காப்பியத்தைத் தேர்வுக்கென்று படித்த காலத்தில் அருஞ்சொற்களே நம்மை அச்சுறுத்தின. தந்தையான பின்னர் படித்தபோது, கைக்குழந்தையோடு எகிப்துக்குப் புறப்படும் சூசையப்பரின் கலக்கம் நம் நெஞ்சைத் தொட்டது. நற்செய்தி ஏடுகளில் ஒரு சொல்லும் பேசாத அப்புனிதரைக் காப்பியத் தலைவராக்கிய புலவரின் உள்ளமும் அப்போதுதான் புரிந்தது.

எனினும், குளச்சல் மக்களாகிய நாம் மீண்டும் மீண்டும் விரிக்க வேண்டிய ஏடு விவிலியத்தில் உள்ள யோபு நூலாகும். அதற்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு பழமையானது. 1741 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரின் படை ஒல்லாந்தரை வென்றது. அப்போது பிடிபட்ட டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையிலேயே பணியேற்றார். அரசுப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு எடுத்துரைத்தது யோபுவின் வரலாற்றையே. நீலகண்டர் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியில் மறைசாட்சியாக உயிர் துறந்தார். 2022 மே 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். ஒரு நூலை நண்பர் ஒருவர் தக்க வேளையில் எடுத்துரைத்ததன் பயனை எண்ணிப் பாருங்கள்!

யோபுவின் கதை தெரியும் என்றே நாம் அனைவரும் கருதுகிறோம். செல்வர் ஒருவர் யாவற்றையும் இழந்தார், பொறுமை காத்தார், இரட்டிப்பாகப் பெற்றார். மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்றது இவ்வளவே. ஆனால் இது 42 அதிகாரங்களுள் முதல் இரண்டும் கடைசி ஒன்றும் கூறும் செய்தி. இடையிலுள்ளவற்றை நாம் திறப்பதே இல்லை.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் அவற்றைத் திறக்கும்படி செய்தது. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள்; திருக்குடும்பப் பெருவிழா ஞாயிறு. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை குளச்சலிலும் அடுத்த கொட்டில்பாட்டிலும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றது. பிள்ளைகளே மிகுதியாய் மடிந்த குடும்பங்கள் உண்டு. ஆறுதல் கூற வந்தோருள் சிலர், “இது பாவத்திற்குக் கிடைத்த தண்டனை” என்றும் சொல்லிச் சென்றனர்.

அந்நாள்களில் யோபு நூலை மீண்டும் படித்தோம். அந்நூலின் நடுப்பகுதி முழுவதும் இதே வழக்குத்தான். நண்பர் மூவர் வருகின்றனர். முதல் ஏழு நாளும் யோபுவோடு தரையில் அமர்ந்து வாய் திறவாதிருக்கின்றனர். பின்னர்ப் பேசத் தொடங்கி, “நீ பாவம் செய்திருப்பாய்” என்று சாதிக்கின்றனர். யோபுவோ பொறுமையின் பொம்மையாக இருக்கவில்லை. அழுகிறார், பிறந்த நாளைச் சபிக்கிறார், கடவுளையே வழக்குக்கு அழைக்கிறார். இறுதியில் கடவுள் யார் பக்கம் நின்றார்? தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுவே என்று அறிவித்து, நண்பர்களைக் கடிந்துகொண்டார். அந்நண்பர்கள் செய்த நல்ல செயல் ஏழு நாள் மௌனம் ஒன்றே என்பது நமக்கு அப்போது விளங்கிற்று.

கடலுக்குக் கதவும் தாழ்ப்பாளும் இட்டவர் தாமே என்று கடவுள் உரைக்கும் 38-ஆம் அதிகாரத்தில் நாம் நெடுநேரம் தயங்கி நின்றோம். அந்த எல்லையைக் கடல் தாண்டியது ஏன் என்ற கேள்விக்கு அந்நூல் விடை தரவில்லை. ஆனால் அக்கேள்வியைக் கேட்டவனைக் கடவுள் கைவிடவில்லை என்று அது கூறுகின்றது.

மற்றொன்றும் கண்டோம். யோபுவின் ஆடுகள் 7,000 முடிவில் 14,000 ஆயின. ஒட்டகங்கள் 3,000 முடிவில் 6,000 ஆயின. பிள்ளைகளோ முன்பும் பத்துப் பேர். பின்பும் பத்துப் பேரே. ஏன் இருபது ஆகவில்லை? கால்நடைகள் அழிந்தன, பிள்ளைகளோ அழியவில்லை, இறைவனிடத்தில் இருக்கின்றனர் என்று இதற்கு விளக்கம் கூறுவர். பிள்ளையை இழந்த தாய்க்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். சிறு வயதில் எத்தனையோ முறை கேட்டும் நாம் அதனைக் கவனித்ததில்லை.

திருத்தந்தை பெரிய கிரகோரியார் இந்த ஒரு நூலுக்கு 35 புத்தகங்களில் விளக்கம் எழுதினார். நாம் அத்துணை முயல வேண்டியதில்லை. 42 அதிகாரங்கள், இரவுச் செபத்திற்குப் பின் நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் வீதம் ஒரு தவக்காலத்தில் ஏறக்குறைய முடித்துவிடலாம். பிள்ளைகளுள் ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். முடித்த ஆண்டினை ஏட்டின் முதற்பக்கத்தில் குறித்து வையுங்கள். பல ஆண்டுகள் கழித்து அதே ஏட்டை விரிக்கும்போது, அன்று உடனிருந்து கேட்டவர்களையும் நினைத்து ஒரு செபம் சொல்லலாம்.