இரண்டாவது கேள்வி

நாகபுரியில் வசிக்கும் சகோதரி ஒருவர் சென்ற மாதம் எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். அவருடைய புதல்வி நர்சிங்கில் பி.எஸ்ஸி. தேறி, மூன்றாண்டுகள் சென்னையில் பணியாற்றிவிட்டு, இப்பொழுது அமெரிக்காவில் மேற்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். படிப்பு முடிந்தபின் பெரிய ஆஸ்பத்திரி எதிலும் அமரும் உத்தேசம் அவளுக்கு இல்லையாம். ஒரு பல்கலைக் கழகத்தின் மாணவர் மருத்துவ நிலையத்தில் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ ஆக வேண்டும் என்பதே அவள் விருப்பமாம். “இத்தனை பணமும் செலவழித்துக் கடல் கடந்து போனது பிள்ளைகளுக்குச் சளி மாத்திரை கொடுக்கவா? தாங்களும் அந்த வேலைதானே பார்த்தீர்கள், தாங்களே சொல்லுங்கள்” என்று கேட்கிறார்.

கேள்வியில் சிறிது குத்தல் உண்டு. எனினும் தாயின் கவலையிலிருந்து பிறந்த கேள்வி அது. பிள்ளைகளை வெளியூர் விடுதிகளில் விட்டிருக்கும் மற்ற அன்பர்களுக்கும் பயன்படலாம் என்று கருதி, விடையை இப்பகுதியிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். வடநாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்றின் மருத்துவ நிலையத்தில் நான் 26 ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன் என்பது உண்மை. ஆயின், தங்கள் புதல்வி செய்யப்போகும் வேலை வேறு. அங்கே 1965-ஆம் ஆண்டில், கொலராடோ பல்கலைக் கழகத்தில், லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இப்படிப்பைத் தொடங்கினார்கள். ஃபோர்டு அம்மையார் அதற்கு முன்பு கொலராடோவின் கிராமப்புறங்களில் பொதுச் சுகாதார நர்ஸாகப் பணியாற்றியவர். டாக்டர் எட்டாத இடத்தில் நர்ஸ் என்னென்ன செய்ய நேரிடுகிறது என்பதை அங்கேதான் கண்டார். 104 வயது வரை வாழ்ந்து, 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார்.

இன்று அப்பணிக்கு முதுகலைப் பட்டமாவது வேண்டும். அதன்மேல் தேர்வொன்று எழுதிச் சான்றும் பெற வேண்டும். பெற்றபின், நோயாளியை விசாரித்து, உடலைச் சோதித்து, இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, இன்ன நோய் என்று நிர்ணயித்து, மருந்துச் சீட்டும் தன் கையாலேயே எழுதலாம். அந்நாட்டின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் டாக்டரின் ஒப்பம்கூட வேண்டியதில்லை. மற்றவற்றில் ஒரு டாக்டருடன் உடன்படிக்கை இருத்தல் வேண்டும். நம் நாட்டிலோ, இந்திய நர்சிங் கவுன்சில் இவ்வகைப் பயிற்சியைத் தீவிர சிகிச்சைக்கும் பிரசவப் பணிக்கும் வகுத்திருக்கிறது. என் 26 ஆண்டுகளில் என் பொறுப்பில் ஒரு சீட்டும் எழுதியதில்லை. எழுதும் உரிமை எனக்கில்லை.

இனி, சளி மாத்திரை விஷயம். தொண்டை வலி, சுளுக்கு, படை, ஜுரம் ஆகியவை நாள்தோறும் வரத்தான் செய்யும். அமெரிக்காவில் கருத்தடை பற்றியும், உடலுறவால் தொற்றும் நோய்கள் பற்றியும் கேட்க வரும் மாணவர்களும் பலர். நம் பக்கத்தில் அக்கேள்விகள் இல்லாமல் இல்லை, வாய்தான் திறப்பதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வருபவருள் எத்தனையோ பேர் வேறொன்றற்காக வருகிறார்கள். சோர்வு என்று வரும் பெண்ணைப் பரீட்சைக் காலம் என்று சொல்லி அனுப்பிவிடலாம். மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு என்று இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டால் இரத்தசோகை வெளிப்படும். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெண்களுள், 15 முதல் 49 வயது வரை, நூற்றுக்கு 57 பேருக்கு அது இருந்தது. மழைக்காலத்து ஜுரத்துடன் வருபவனை, ‘உடம்பு வலிக்கு ஏதேனும் விழுங்கினாயா?’ என்று கேட்டே ஆகவேண்டும். டெங்குவாயிருப்பின் ஆஸ்பிரினும் இபுப்ரூஃபெனும் இரத்தக் கசிவுக்கு வழிசெய்யும்.

தூக்கமின்மை என்று வருபவர்களுக்கு அங்கே ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுப்பது வழக்கம். கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகம் குன்றியதா, பசி எப்படி, மனம் ஒருமைப்படுகிறதா என்று செல்லும் அத்தாளின் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நலம் என்ற நினைவு வந்ததுண்டா என்பது. அதற்கு ‘இல்லை’ என்பதைத் தவிர வேறெந்த விடை வந்தாலும் அந்த மாணவனை மேற்கொண்டு விசாரியாமல் வெளியே அனுப்பலாகாது. மனநோய்களுள் பெரும்பாலானவை 25 வயதுக்குள் தலைகாட்டுபவை. பெற்றோரின் கண்ணை விட்டுப் பிள்ளை விலகியிருக்கும் வயதும் அதுவே.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 2008-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தென் மாவட்டத்துப் பையன் ஒருவன் தலைவலி என்று வந்தான். ஒரு காலையில் எழுபது பேரைப் பார்க்கவேண்டிய டாக்டர் மாத்திரை எழுதினார். மறுவாரமும் வந்தான், கண்ணைச் சோதிக்கச் சொன்னார். மூன்றாம் முறை வந்தபோது நான் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, “தம்பி, இரவில் தூங்குகிறாயா?” என்று தமிழில் கேட்டேன். அவ்வளவுதான், பையன் தேம்பி அழுதுவிட்டான். தமிழ் வழியில் படித்து மாவட்டத்திலேயே முதலாக வந்தவன். இங்கே ஆங்கில விரிவுரை பாதி புரியவில்லை, இரண்டு பாடங்களில் தவறிவிட்டான், வீட்டுக்குத் தெரியாது, ஒரு மாதமாக உறக்கமில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றான், நம்பினேன். மறுநாள் டாக்டரிடம் தனியே பேசுவதென்றும், பிறகு அவன் துறை ஆசிரியரைப் பார்ப்பதென்றும் முடிவு செய்தோம்.

அன்று மாலையே அவன் தகப்பனார் எனக்குத் தொலைபேசியில் பேசினார். மகன் போனை எடுப்பதில்லை என்று கலங்கி, தமிழ்ச் சங்கத்து நண்பர் மூலமாக என் எண்ணைப் பெற்றிருக்கிறார். “அம்மா, நம்ம ஊர்ப் பிள்ளை. மறைக்காமல் சொல்லுங்கள்” என்றார். சொன்னேன், எல்லாவற்றையும். நன்மை செய்வதாகவே எண்ணினேன். நல்ல மனிதர்தாம், அன்றிரவே ரயிலேறி வந்து, விடுதி வாசலில் பத்துப் பேர் நடுவே மகனிடம் தவறிய பாடங்களின் கணக்குக் கேட்டார். பையன் படிப்பை விட்டு ஊர் திரும்பினான். போகுமுன் மருத்துவ நிலையத்துக்கு வந்து, “அக்கா, நீங்கள் தமிழில் கேட்டதால்தான் சொன்னேன்” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. பிற்பாடு ஊரிலேயே வேறொரு கல்லூரியில் சேர்ந்து தேறினான் என்று கேள்விப்பட்டேன். அவ்வாண்டு முழுதும் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் கட்டுப் போட்டுக்கொள்ள மட்டுமே வந்தார்கள்.

அமெரிக்காவில் 18 வயது நிறைந்த மாணவனின் மருத்துவ விவரத்தை, அபாயம் நேரிட்டாலன்றி, அவன் சம்மதமில்லாமல் பெற்றோருக்குச் சொல்வதில்லை. பிள்ளை அங்கே வந்தான், வரவில்லை என்பதைக்கூடச் சொல்லமாட்டார்கள். நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் உரிமையை அளித்திருக்கிறது. அடுத்த வீட்டுப் பையன் என்ன சாப்பிட்டான் என்றுகூட விசாரிக்கும் நமக்கு இது கசப்பாகவே இருக்கும். தங்கள் புதல்வி யாரோ ஒரு தாயிடம் தொலைபேசியில், “நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன், என்னால் ஒன்றும் சொல்ல இயலாது” என்று கூற வேண்டிவரும். மாத்திரை எழுதுவதைக் காட்டிலும் கடினமான வேலை அது. அப்படிக் கூறிவிட்டு, அதே பிள்ளையை மறுவாரம் தானே வரவழைத்துப் பார்க்கவும், மருந்தை மாற்றவும் அவளுக்கு அதிகாரம் இருக்கும். என்னிடம் கேள்வி இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

விடுதியில் பிள்ளைகளை விட்டிருப்பவர்கள் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்: 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி இது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். எண்ணைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பேசினாயா என்று பிறகு கேளாதிருப்பது நலம்.

நாகபுரிச் சகோதரிக்கு: தங்கள் புதல்வியிடம் நான் கேட்டதாக ஒன்று கேட்டு எழுதுங்கள். அங்கே ஒரு மாணவனுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள்?

(முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் பற்றிக் கேட்டிருக்கும் கல்கத்தா அன்பருக்கு அடுத்த இதழில் விடை எழுதுகிறேன்.)