வற்றல் விலை சரிந்தால் சாஸ் ஆக்கலாமா?

"தம்பி முதுகுளத்தூர் பக்கம் குண்டு மிளகாய் போடுகிறான். விலை சரிந்து நாலு மூட்டை வற்றல் அப்படியே கிடக்கிறது. என் மகன் மெக்சிகோ ஹாட் சாஸ் ஒரு பாட்டில் வாங்கி வந்தான். மிளகாய், வினிகர், உப்புதான் அதில் முக்கியம் போலிருக்கிறது. நாமே செய்து விற்க முடியாதா?"
- வாசகி, எர்ணாவூர்.

செய்யலாம் சகோதரி. ஆனால், மெஷின் வாங்க இப்போதே ஓட வேண்டாம்.

மிளகாய்க்குத் தாய்வீடே மெக்சிகோதான். 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்தது. அங்கே குவாதலஹாரா நகரத்து 'வாலன்டினா' சாஸ் பிரபலம். மெக்சிகோ புரட்சியில் துப்பாக்கி ஏந்திய வாலன்டினா ராமிரெஸ் என்ற பெண்ணின் பெயர் அது. வெட்டிய பழத்தின் மேல்கூட ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நம் மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் போல! நாக்கைச் சுடும் காரமில்லை; புளிப்பும் உப்பும்தான் மறுபடி கேட்க வைக்கின்றன.

இந்த ருசி உங்கள் பகுதிக்குப் புதிதில்லை. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோவில் புளித்தண்ணீர், பொரித்த பூண்டு, இடித்த வற்றல் எல்லாம் சேரும். உங்கள் சாஸை முதலில் ருசி பார்க்க வேண்டியவர்கள் அந்த வண்டிக்கடைக்காரர்கள்தான். அவர்கள் முகம் சுளித்தால் அளவை மாற்றுங்கள்.

முதலில் 100 கிராம் வற்றல் போதும். காம்பும் விதையும் நீக்கி, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரை வடித்து, 200 மில்லி வினிகர், இரண்டு டீஸ்பூன் உப்பு, நாலு பல் பூண்டு சேர்த்து மையாக அரையுங்கள். வடிகட்டி, கொதிக்கவிட்டு, சுடுநீரில் கொதிக்கவைத்து எடுத்த கண்ணாடி பாட்டிலில் சூடாகவே நிரப்புங்கள். பி.ஹெச். தாளில் 4-க்குக் கீழே காட்ட வேண்டும். கூடினால் இன்னும் வினிகர் ஊற்றுங்கள். வினிகரைக் குறைத்து மிச்சம் பிடிப்பது ஆபத்து.

பூஞ்சணம் பிடித்த வற்றலைச் சேர்க்கவே கூடாது. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. தம்பியிடம், மூட்டையைப் பிரித்து அடிவரை பார்க்கச் சொல்லுங்கள்.

விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டை லேபிளில் அச்சிட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். அதைத் தம்பி இப்போதே விசாரிக்கலாம்; வற்றலாக விற்கவும் உதவும்.