உறை போட்ட வீணை

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். பெயருக்குக் காவல் வந்துவிட்டது. நாதத்துக்கு?

திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்து வீட்டில், கூடத்து மூலையில் பட்டு உறை போட்டு ஒரு வீணை சாய்ந்திருந்தது. ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை. நாலு தலைமுறைச் சொத்து. உறையை எடுக்கச் சொன்னேன். மெழுகு இளகி, 24 மெட்டும் குடித்தவர்கள் மாதிரி சாய்ந்து கிடந்தன.

"சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம், மாமா" என்றாள் வீட்டு மருமகள்.

"வாசிக்கிறதில்லையா?"

"வாசிச்சா யாருக்குக் கேக்கப் போறது?"

இந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நம் சபாக்காரர்கள்தான். முதலில் ஆயிரம் நாற்காலி போடுவது. பிறகு வீணை கேட்கவில்லை என்று குடத்தில் மைக்கை ஒட்டுவது. மீட்டு விழுந்தவுடன் நாதம் தேய ஆரம்பிக்கிறது. தேய்ந்து மறைவதற்குள் தந்தியை இழுத்து, அந்த இழையிலே கமகத்தைப் பிடிக்க வேண்டும். அதுதான் ஐயா வீணை! ஒலிபெருக்கிக்கு இழை தெரியுமா? நகத்தின் கீறலைத்தான் அது பெரிசாக்கிக் கொடுக்கிறது. ஒரு சபாவில் உண்டியலில் காசு கொட்டுகிற மாதிரி கேட்டது. பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

வீணை தனம்மாள் (1867–1938) தஞ்சை அரண்மனை வழி வந்த குடும்பம். சென்னை ஜார்ஜ் டவுனில், தம் வீட்டிலேயே, வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். அறை கொள்கிற ஜனந்தான். பெரிய பெரிய வித்வான்கள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

வெளிநாட்டுச் சாட்சி வேண்டுமென்பவர்களுக்கு ஒன்று. 1935-ல் கெர்ட்ரூட் விட்டால் என்ற அம்மாள், ஸ்ட்ராடிவாரி செய்த பழைய வாத்தியங்களை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார். பூட்டி வைக்க அல்ல, வாசிக்க. 1940 முதல் 1962 வரை புடாபெஸ்ட் கோஷ்டியார் நாலு பேர் அங்கே சிறிய அரங்கில் அவற்றை வாசித்தார்கள்.

நமக்கு இடமா இல்லை? தஞ்சை அரண்மனையில் சங்கீத மகால் என்றே ஒன்று இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து, மாசியும் பங்குனியுமாக எட்டு வெள்ளிக்கிழமை. வாரத்துக்கு ஒரு பழைய வீட்டு வீணை. மெழுகு போட்டுப் புதிதாய் மேளம் கட்ட ஊரிலேயே ஆசாரிகள் இருக்கிறார்கள். நூறு பேருக்கு ஜமக்காளம். மைக் கூடாது.

"நூறு பேருக்காக இவ்வளவா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நூறு காதுக்கு ஒழுங்காகக் கேட்டால் போதாதா? பிறகு, மிருதங்கம் உண்டா என்றார். வேண்டாம் என்றேன். தனம்மாள் அது இல்லாமலும் வாசித்திருக்கிறார்.