குழாய் நம்ம ஊர்ல, விலை யார் கையில?



புதுக்கோட்டை டீக்கடைல உட்கார்ந்தா இந்தக் கேள்வி வருது: “தூத்துக்குடிக்குக் குழாய்ல கேஸ் வந்துட்டே, சிலிண்டர் விலை குறையுமா?”

குறையாது. சிலிண்டரில் இருப்பது எல்பிஜி. குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதையே மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் 600-ல் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகும். கப்பலில் வரும் அதுதான் எல்என்ஜி.

எண்ணூரில் 2019-ல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் எல்என்ஜி முனையம் வந்தது. அங்கிருந்து தூத்துக்குடி வரை திட்டமிட்ட குழாயின் ஒரு பகுதிதான், 2021 பிப்ரவரியில் திறந்த 143 கி.மீ. ராமநாதபுரம்–தூத்துக்குடி பாதை. நாப்தாவில் யூரியா தயாரித்த நம்ம ஸ்பிக் ஆலை எரிவாயுவுக்கு மாறியது. நிலக்கரிப் புகையில் வாழும் ஊருக்கு இது நல்லதுதான். வரவேற்கிறோம்.

ஆனா ஒண்ணு கேளுங்க. இந்தியா எரிக்கும் வாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்துக் கப்பல்களை இழுத்துக்கொண்டது. வங்கதேசம் அன்றாடச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி மின்வெட்டில் தவித்தது. பாகிஸ்தான் டெண்டர் விட்டும் விற்க ஆள் வரலை. காசு உள்ளவனுக்குத்தான் கப்பல்!

கத்தார் தன் உற்பத்தித் திறனை 7.7 கோடி டன்னிலிருந்து 2030-க்குள் 14.2 கோடி டன்னாக்கத் திட்டமிடுகிறது. சரக்கு பெருகினால் விலை இறங்கலாம். அதை நம்பி மட்டும் நம்ம ஊர்த் தொழிலை அடகு வைக்க முடியுமா?

நிலத்தையும் பாருங்க. 1962-ம் ஆண்டு குழாய்ச் சட்டப்படி நிலம் விவசாயி பேரில்தான் இருக்கும். ஆனா குழாய்ப் பாதையில் வீடு கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அதற்குச் சட்டம் சொல்லும் இழப்பீடு சந்தை மதிப்பில் வெறும் 10 சதவீதம்!

நாம் கேட்பது மூன்று:

1. உள்நாட்டில் எடுக்கும் வாயு முதலில் வீடுகளுக்கும் சிறுதொழிலுக்கும்.
2. அந்த 10 சதவீதத்தை உயர்த்திச் சட்டத் திருத்தம்.
3. காற்றாலையும் வெயிலும் உள்ள நம்ம மாவட்டத்தில் பசுமை ஹைட்ரஜன் வேலை நம்ம பிள்ளைகளுக்கு.

குழாய் வரட்டும். உலகச் சந்தையின் சுமை மட்டும் நம்ம தலையில விழக்கூடாது.

படிச்சவங்க பகிருங்க. டீக்கடையிலும் பேசுங்க!

#விலை_யார்_கையில