எண்ணெய் யாருக்குச் சொந்தம்?

பூமிக்கடியில் கிடக்கும் செல்வத்துக்குப் பட்டா எழுதிக் கொடுத்தது யார்? கஜகஸ்தானத்தின் டெங்கிஸ் எண்ணெய் வயலைப் பார்த்து நாம் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம்.

காஸ்பியன் கடலின் வடகிழக்குக் கரையோரம் இருக்கிறது டெங்கிஸ். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. கடல் உயிர்களின் ஓடும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்து, பவளத் திட்டைப்போல் பெரும் பாறைத் திட்டு எழும்பியது. அதன் துளைகளிலும் வெடிப்புகளிலும் எண்ணெயும் வாயுவும் புகுந்து தங்கின. மேலே கனத்த உப்புப் படிவம் பானைக்கு மூடிபோல் அடைத்துக்கொண்டது.

ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த இந்தச் செல்வத்தை 1979-ல் கண்டுபிடித்தவர்கள் சோவியத் தொழிலாளரும் விஞ்ஞானிகளும். லேசான வேலையா அது? எண்ணெயோடு ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் வருகிறது. 1985-ல் 37-ம் எண் கிணறு பீறிட்டுத் தீப்பிடித்து, ஓராண்டுக்கு மேல் எரிந்தது. அந்த நெருப்போடு மல்லுக்கு நின்றவர்களும் தொழிலாளர்களே!

பலன் யாருக்குப் போயிற்று? 1991-ல் சோவியத் யூனியன் சிதைந்தது. 1993-ல் அமெரிக்க செவ்ரான் கம்பெனியுடன் 40 ஆண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. பின்னர் செவ்ரானுக்குப் பாதி, எக்ஸான் மொபிலுக்குக் கால் என்று பங்கு வகுக்கப்பட்டது. கஜக அரசுக் கம்பெனிக்கு ஐந்தில் ஒன்றுதான்!

"மூலதனம் போட்டது கம்பெனி, வரியும் ராயல்டியும் சர்க்காருக்கு வருகிறதே" என்பார்கள். வருவது உண்மை. ஆனால் அது ஏழையின் வீடு வந்து சேர்ந்ததா? 2022 ஜனவரியில், எண்ணெய் விளையும் ஜனாஓசென் நகரில் எரிவாயு விலை லிட்டர் 60 டெங்கேயிலிருந்து 120 ஆயிற்று. மக்கள் பொங்கி எழுந்தனர். டெங்கிஸ் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அவர்களுக்கு ஆதரவாகக் கூடினர். நாடெங்கும் பரவிய அந்தக் கொந்தளிப்பில் 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நெய்கிறவனுக்குத் துணியில்லை, நாற்று நடுகிறவளுக்குச் சோறில்லை. எண்ணெய் எடுக்கிறவன் கதையும் அதுவே. ஒப்பந்தம் 2033-ல் முடிகிறது. அதன் பிறகு வயல் யார் கையில் என்பதைக் கம்பெனிகளும் மந்திரிகளும் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தொழிலாளியின் குரல் அதில் ஒலிக்க வேண்டும். கஜகத் தோழர்களின் இந்த உரிமைக்கு நாம் துணை நிற்போம்!