ஆலைக்கும் பத்தியம் வேணும்!

கரிசாலையும் வல்லாரையும் நல்ல மருந்துதான். ஆனா, அது எந்த மண்ணில் முளைச்சதுன்னு கேட்டீங்களா?

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் முன்பெல்லாம் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. கழிவு பாலாற்றில் கலந்தது. கிணறு கெட்டது, வயல் பாழானது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது.

ஈரமண்ணில் வளரும் மூலிகை, அதிலுள்ள உலோகத்தையும் உறிஞ்சும். கொதிக்க வைத்தாலும் அது போகாதுங்க.

ஆலையை மூடச் சொல்லவில்லை. ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. பத்தியம்தான் கேட்கிறேன். குரோமியத்தை மீட்டு மறுபடி உபயோகிக்கட்டும். கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தட்டும். முடிந்த தோலுக்கு ஆவாரம்பட்டையே போதும். அந்தக் கழிவையும் சுத்திகரித்தே ஆகணும்.

அதுவரை, கழிவு ஓடும் கரையில் கீரை பறிக்காதீங்க!